டின்னோடு வருகிறவர் ஆலோசகர் இல்லை

கேள்வி: முதல் பிரசவம். குழந்தைக்கு 21 நாள் ஆகிறது. பிறந்தபோது 3 கிலோ, நாலாம் நாள் 2.8, நேற்று 3.25. தாய்மார் ஆதரவுக் குழு ஒன்றில் சேர்ந்தேன். அங்கே வந்த ஆலோசகர் ஒருவர், சாயங்காலமானால் குழந்தை ஓயாமல் அழுவது பால் போதாததால்தான் என்று சொல்லி பவுடர் பால் டின் ஒன்றை இலவசமாகக் கொடுத்தார். மேற்கொண்டு தனியாகப் பேச பணம் கட்ட வேண்டுமாம். இனி குழுவுக்குப் போகவா, வேண்டாமா?

பதில்: போங்கள். டின்னை மட்டும் பிரிக்காதீர்கள்.

முதலில் எடை. பிறந்த சில நாட்களில் கொஞ்சம் இறங்கி, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்புவது வழக்கம். உங்கள் குழந்தை நாலாம் நாளிலிருந்து 16 நாளில் 450 கிராம் ஏறியிருக்கிறது, அதாவது நாளுக்கு 28 கிராம் போல. 20 முதல் 30 ஏறினாலே எங்களுக்குத் திருப்திதான். ஒருநாளில் ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் போகிறதா என்றும் எண்ணிப் பாருங்கள். போனால் பால் போதுகிறது. சாயங்காலம் மார்பை விடாமல் கேட்பது இந்த வயதில் சகஜம், அப்படிக் கேட்டுக் கேட்டுக் குடித்தால்தான் பால் கூடும். எடையை ஒரே தராசில், துணியில்லாமல் பாருங்கள். நனைந்த நாப்கினோடு நிறுத்துவிட்டு "நல்லா ஏறியிருக்கு" என்று சொன்னதையும், அடுத்த வாரம் வெறும் உடம்போடு நிறுத்துத் தாயை அழவைத்ததையும் நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த டின். ஒரு வேளைக்குப் பவுடர் பால் கொடுத்தால் குழந்தை வயிறு நிறைந்து தூங்கும், அந்த வேளை மார்பில் சப்பாது, சப்பாத அளவுக்குச் சுரப்பு குறையும். இலவச டின் காலியாகும்போது உங்களுக்கு நிஜமாகவே பால் குறைந்திருக்கும், அடுத்த டின்னை நீங்களே காசு கொடுத்து வாங்குவீர்கள். வியாபாரமே இதுதான். தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கக் கூடாது, விற்பனை ஆட்கள் அவர்களைத் தேடிப் போகவும் கூடாது என்று உலக சுகாதார அமைப்பின் விதித்தொகுப்பு 1981-லேயே சொல்லிவிட்டது. அதனால் இப்போது விற்பனையாளர் என்ற பெயரில் யாரும் வருவதில்லை, ஆலோசகர் என்று வருகிறார்கள். எங்கே பயிற்சி பெற்றீர்கள், சம்பளம் யார் தருகிறார்கள் என்று கேளுங்கள், இரண்டாவது கேள்விக்கே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மருத்துவக் காரணத்தால் பவுடர் பால் தேவைப்படும் குழந்தைகள் உண்டு, அதைக் குழந்தையைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்: 37 வாரம் முடியும் முன்பே பிறந்த குழந்தை, இரண்டரை கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தை. உங்கள் குழந்தை அந்த ரகமில்லை, ஆனால் குழுவில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் குழந்தை அப்படி இருக்கலாம். அதுகள் பசித்தாலும் அழாது. சப்பத் தெம்பில்லாமல் தூங்கிப்போகும், வீட்டிலுள்ளவர்கள் "சமத்துப் பிள்ளை" என்று கொஞ்சிக்கொண்டிருப்பார்கள். எழுப்பி எழுப்பித்தான் கொடுக்க வேண்டும், சிலவற்றுக்குப் பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்திலோ கரண்டியிலோ புகட்ட வேண்டும், எடையையும் அடிக்கடி பார்க்க வேண்டும். "கேட்கும்போது கொடு" என்ற பொது அறிவுரை இவர்களுக்கு ஆபத்து. குழுவில் யாராவது அப்படிச் சொன்னால், தயவுசெய்து குறுக்கே பேசுங்கள்.

இதையெல்லாம் மருத்துவமனையிலேயே சொல்லியிருக்க வேண்டும், அது எனக்கும் தெரியும். தாயின் மார்பில் குழந்தை எப்படிக் கவ்வுகிறது என்று ஒருவரும் நின்று பார்ப்பதில்லை, ஆனால் கோப்பில் "தாய்ப்பால் ஆலோசனை வழங்கப்பட்டது" என்று மட்டும் டிக் விழுந்துவிடும். பிரசவத்துக்குப் பிந்தைய முதல் ஆறு வாரத்தில் தாயையும் சேயையும் பல தடவை பார்க்க வேண்டும் என்று வழிகாட்டுதல் இருக்கிறது, பல இடங்களில் தடுப்பூசி போடும் நாளைத் தவிர யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் டின்காரர் நுழைகிறார்.

ஏற்கெனவே பாலூட்டிய தாய்மார் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையை இப்படித் திருப்பிப் பிடி என்று காட்டித் தருவதற்காகத்தான் அந்தக் குழுவே. காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது இதற்கெல்லாம் குழுவில் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம், கடிதத்தில் குழந்தையின் எடையை கிராம் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள், உங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பிரசவத்துக்குப் பின் காரணமில்லாமல் அழுகை வருவது சாதாரணமாக இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். உங்களுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது; இன்னும் அப்படி இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். குழுவை நடத்துபவரிடம் அந்த ஆலோசகரை உள்ளே விட்டது யார் என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு குழு பாருங்கள்.