பெரிய கோயில் படத்தில் ஆட்கள் எங்கே?

கேள்வி: 1858-இல் ஒரு வெள்ளைக்காரர் எடுத்த தஞ்சைப் பெரிய கோயில் படங்கள் சிலவற்றைப் பார்த்தேன். எதிலும் ஆளே இல்லை. அப்போது கோயில் பூட்டிக் கிடந்ததா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: இல்லை அம்மா. ஆட்கள் இருந்திருப்பார்கள், படத்தில்தான் பதியவில்லை. எடுத்தவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். பெரும்பாலும் மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவில்தான் எடுத்தார். முன்கூட்டியே தயார் செய்து வெளியூருக்குக் கொண்டுபோக அது வசதி. ஆனால் நிமிடக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் நடந்து கடந்தவர் புகை போலக்கூடத் தெரியமாட்டார்.

அவர் படங்களில் வானத்தையும் பாருங்கள். அந்தக் காலத்து நெகட்டிவில் நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சில் வெறும் வெள்ளையாகிவிடும். அதனால் டிரைப் நெகட்டிவிலேயே வண்ணம் தடவி மேகம் சேர்த்தார். முப்பது வருடம் டார்க் ரூமில் இருந்த எனக்கு அந்தக் கை வேலை உடனே பிடிபட்டது. நாங்கள் ‘டச்சிங்’ என்போம். கல்யாணப் பெண்ணின் கன்னத்துப் பருவை பென்சில் முனையால் மறைத்தோம். அவர் வானத்துக்கே செய்திருக்கிறார்.

நீங்கள் அவசியம் தேடிப் பார்க்க வேண்டியது இன்னொன்று. விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டை அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாக ஆக்கினார். நாம் கொடுத்ததும், அக்கன் கொடுத்ததும், மற்றவர் கொடுத்ததும் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் ஆணையிட்ட விமானம் அது. வளைந்தும் மடிந்தும் போகும் கல்லில், ஒரு துண்டு முடிந்த இடத்தில் அடுத்ததைத் தொடங்க, ஒவ்வொரு முறையும் கேமராவை நகர்த்தி நிறுத்தியிருக்க வேண்டும். கல்வெட்டு படிக்க அரசு ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மன் அறிஞரை நியமித்ததே 1886-இல்தான். அதற்கு 28 வருடம் முந்திய உழைப்பு இது. எனக்கு மேகப் படங்களைவிட இதுதான் பெரிது.

அப்புறம் 1859-இல் ஆளுநராக வந்த டிரெவெல்யன், புகைப்படம் ஆடம்பரச் செலவு என்று சொல்லிவிட்டார். அடுத்த வருடமே டிரைப்பின் வேலை நின்றது. இன்னும் எத்தனையோ கோயில்கள் பாக்கி இருந்தன. நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

அடுத்த முறை பெரிய கோயிலுக்குப் போனால், வெயில் சாய்ந்து விழும் பக்கமாக நின்று அந்த எழுத்துகளைப் பாருங்கள். உச்சி வெயிலில் பாதி தெரியாது.