உப்புக் காற்று, ஓட்டு வீடு, முழங்கால்: வீட்டுக்கு எந்த உடற்பயிற்சிக் கருவி? கேள்வி பதில்

கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் வீடு வீடாகப் போய் டிரெட்மில், எக்சர்சைஸ் சைக்கிள், கிராஸ் டிரெய்னர் (நின்றபடி இரண்டு மிதிகளில் கால் வைத்து நடப்பது போல மிதிக்கும் கருவி) எல்லாம் பழுது பார்ப்பது என் தொழில். எதையும் விற்பதில்லை. வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். முதலிலேயே ஒரு விஷயம்: எந்த கம்பெனி, மோட்டார் எத்தனை எச்.பி. (குதிரைத்திறன்) என்று போவதற்கு முன்னால், அது வீட்டில் எந்த இடத்தில் நிற்கும், அதில் ஏறப்போகிறவரின் கால் எப்படி இருக்கிறது என்ற இரண்டையும் முடிவு செய்துவிடுங்கள். இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் பாதிக் கருவிகள் தானாகவே கழிந்துவிடும்.

குளச்சலில் இருந்து ஒரு அக்கா: எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம்தான். மாடியில் ஷீட் போட்ட இடம் சும்மா கிடக்கிறது, அங்கே டிரெட்மில் போடலாம் என்கிறார் வீட்டுக்காரர். துருப்பிடிக்குமா தம்பி?

பிடிக்கும் அக்கா, அதுவும் சீக்கிரமே. ஷீட் மழையைத் தடுக்கும், உப்புக் காற்றைத் தடுக்காது. கடலோர ஊர்களில் திறந்த மாடியில் வைத்த டிரெட்மில்லின் மோட்டார் மூடியைக் கழற்றப் போனால், முதலில் ஸ்குரூவே வராது. தலையெல்லாம் செம்பழுப்புப் பொடியாகப் பூத்து, ஸ்குரூ டிரைவர் வழுக்கும். எப்படியோ திறந்து உள்ளே பார்த்தால், மோட்டாரை இயக்கும் போர்டில் செம்பு தெரியும் இடமெல்லாம் பச்சை படிந்திருக்கும். வெளியே தெரிகிற துருவுக்குப் பெயின்ட் அடித்து சமாளிக்கலாம். போர்டு போனால் புதிது வாங்கித்தான் ஆக வேண்டும், செலவு அங்கேதான் பெரிது.

உப்பு, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் வெயில் நாளிலும் இரும்பு முழுதாகக் காயாது. போதாக்குறைக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு என்று நமக்கு இரண்டு மழையும் உண்டு.

ஆகவே மாடி வேண்டாம், சிட் அவுட்டும் வேண்டாம். வீட்டுக்குள், கடலைப் பார்த்த ஜன்னல் இல்லாத அறையாகப் பாருங்கள். பிளாஸ்டிக் தாள் போட்டு மூடாதீர்கள், உள்ளே வியர்த்து அதுவே துருவைக் கொண்டுவரும். பழைய பருத்திச் சேலை போதும். வாரம் ஒரு முறை, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சட்டத்தைத் துடைத்து உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கைப்பிடியில் விழும் வியர்வையும் உப்புதான், அதையும் துடைக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், உங்கள் வீட்டுக்கு மேக்னடிக் சைக்கிள்தான். பெரிய மோட்டார் இல்லை, அதை இயக்கும் போர்டு இல்லை. சாதாரண மாடல்களில் சக்கரத்தின் ஓரத்தில் காந்தம் நெருங்கி வரும்போது மிதிப்பது கடினமாகும், விலகினால் லேசாகும். காந்தம் சக்கரத்தைத் தொடுவதே இல்லை, அதனால் தேய்மானமும் சத்தமும் குறைவு. மீட்டருக்குள் இருக்கும் பேட்டரியை மட்டும், பல நாள் ஓட்டவில்லை என்றால் கழற்றி வையுங்கள். அது கசிந்து மீட்டர் போவதை அடிக்கடி பார்க்கிறேன்.

தக்கலை, 54 வயது ஆசிரியை: முழங்கால் தேய்மானம் என்று சொல்லியிருக்கிறார்கள். எடை 78 கிலோ. டிரெட்மில்லில் மெதுவாக நடக்கலாமா, சைக்கிளா?

சைக்கிள், டீச்சர். நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடை முழங்காலில் இறங்குகிறது. சைக்கிளில் அதில் பெரும்பகுதியை சீட் தாங்கிக்கொள்ளும். காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது சிரமம் என்றால், நாற்காலி மாதிரி சாய்மானம் உள்ள ரிகம்பன்ட் வகையைப் பாருங்கள். இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் இடுப்புக்கும் சுகம்.

சைக்கிள் வாங்கியும் முழங்கால் வலிக்கிறது என்பவர்களின் வீட்டுக்குப் போனால், சீட் கீழே இறங்கிக் கிடக்கும். உட்கார்ந்தால் கால் தரையில் ஊன்ற வேண்டும் என்று நினைத்து இறக்கிவிடுகிறார்கள். மிதிக்கும்போது முழங்கால் அதிகமாக மடங்கி, மூட்டுச் சில்லு அழுந்துகிறது. சரியான உயரம் கண்டுபிடிக்க ஒரு வழி: சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கிய நிலையில் நிற்கும். கடையிலேயே இதைச் செய்து பாருங்கள், உங்கள் உயரத்துக்கு சீட் ஏறாத மாடலும் உண்டு.

முதல் இரண்டு வாரம் மிகக் குறைந்த இறுக்கத்தில் 10 நிமிடம் போதும். எடைத் தாங்குதிறன் 100 கிலோவுக்குக் குறையாமல் பாருங்கள். எழுதியிருக்கும் அளவுக்கும் நம் எடைக்கும் 20 கிலோவாவது இடைவெளி இருந்தால்தான் சட்டம் ஆடாது. சேலையோ துப்பட்டாவோ பெடலில் சிக்காதபடி செருகிக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில், கல்லூரி மாணவர்: அண்ணா, டிரெட்மில் பார்த்தேன், ஒன்றில் 2 எச்.பி. என்று இருக்கிறது, இன்னொன்றில் 5 எச்.பி. பீக் என்று இருக்கிறது. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். 5 தானே எடுக்க வேண்டும்?

பீக் என்பது மோட்டார் ஒரு நொடி முக்கினால் தொடக்கூடிய உச்சம். அந்த நிலையில் அரை மணி நேரம் ஓடாது. உனக்கு வேண்டியது தொடர்ந்து ஓடும் திறன், அதைத்தான் கன்டினியூவஸ் எச்.பி. என்று போடுவார்கள்.

நீயே கணக்குப் போட்டுப் பார். ஒரு எச்.பி. என்பது 746 வாட். அப்படியானால் 5 எச்.பி. 3,730 வாட். வீட்டில் ஃபேன், டி.வி. மாட்டும் சின்ன சாக்கெட் 6 ஆம்பியர், 230 வோல்ட்டில் 1,380 வாட்தான் தாங்கும். ஃபிரிட்ஜ், ஏ.சி. மாட்டும் 16 ஆம்பியர் சாக்கெட்டே 3,680 வாட்தான். சின்ன ப்ளக்கோடு வருகிற கருவியில் 5 எச்.பி. என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அந்த எண்ணை நம்பாதே தம்பி.

நடைக்கு மட்டும் என்றால் கன்டினியூவஸ் 1.5 முதல் 2 போதும். ஓடுவதற்கு 2.5 அல்லது 3 வேண்டும். நீ ஓடுகிற ஆள் என்றால் எச்.பி.யை விட பெல்ட்டின் அளவைப் பார். 40 செ.மீ. அகலம் நடைக்குச் சரி. ஓடினால் கால் ஓரத்தில் பட்டுத் தடுமாறும். ஓட்டத்துக்கு 50 செ.மீ. அகலமும் 140 செ.மீ. நீளமும் இருக்கட்டும்.

மார்த்தாண்டம், கடை வைத்திருக்கும் ஒருவர்: மழைக்காலத்தில் கரண்ட் அடிக்கடி போகிறது. டிரெட்மில்லை இன்வெர்ட்டரில் ஓட்டலாமா?

வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டாதீர்கள். ஃபேன், லைட்டுக்காகப் போட்டது அது, மோட்டார் கிளம்பும்போதே திணறும். கரண்ட் போனால் பெல்ட் சட்டென்று நிற்கும் என்பதால், ஓடுகிறவர் முன்னால் விழ வாய்ப்பு இருக்கிறது. இடி மின்னல் நேரத்தில் ப்ளக்கைக் கழற்றியே வையுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மூன்று துளை உள்ள 16 ஆம்பியர் சாக்கெட், எர்த் சரியாக இருக்க வேண்டும், நடுவில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. பழைய வீடுகளில் எர்த் இழுத்திருப்பார்கள், ஆனால் இணைப்பு எப்போதோ விட்டுப்போயிருக்கும். டிரெட்மில் வருவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சோதித்துவிடுங்கள்.

கரண்ட் வேண்டாம் என்று மோட்டார் இல்லாத மலிவான டிரெட்மில் பக்கம் போக வேண்டாம். காலால் பெல்ட்டைத் தள்ளித் தள்ளி நடக்க வேண்டும், கெண்டைக்காலும் முழங்காலும் இழுத்துப் பிடிக்கும். சைக்கிள் வாங்குங்கள்.

துபாயில் இருந்து, சொந்த ஊர் கருங்கல்: அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை இருக்கிறது, பாதம் மரத்துப்போகிறது என்கிறார். இங்கே இருந்து நல்ல டிரெட்மில் ஒன்று வாங்கி கார்கோவில் அனுப்பட்டுமா?

வேண்டாம் தம்பி, இரண்டு காரணம். கருவி பழுதானால் அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டி பெரும்பாலும் கிடைக்காது. போர்டோ பெல்ட்டோ தேடி அலைவது வயதான இரண்டு பேர் தலையில் விழும். அந்தப் பணத்தை அனுப்பிவிட்டு, நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ சர்வீஸ் ஆள் இருக்கும் கம்பெனியாக இங்கேயே வாங்கச் சொல்.

அதைவிட முக்கியமானது அவர் பாதம். மரத்த காலுக்கு, தான் எங்கே ஊன்றுகிறோம் என்பது சரியாகத் தெரியாது. நகரும் பெல்ட்டில் அது ஆபத்து. சாய்மானம் உள்ள சைக்கிள்தான் அவருக்கு ஏற்றது. வெறுங்காலில் மிதிக்கக் கூடாது. உள்ளே தையல் உறுத்தாத ஷூ போட்டு, முடித்ததும் அம்மாவை உள்ளங்காலைப் பார்க்கச் சொல். கொப்புளம் வந்தால் அவருக்கு வலிக்காது, கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக மிதித்தாலே சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். இன்சுலினோ, சர்க்கரையை வெகுவாக இறக்கும் மாத்திரையோ எடுக்கிறார் என்றால், தொடங்கும் முன் டாக்டரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். சர்க்கரை இறங்கிப்போனால் வாயில் போட, பக்கத்தில் நாலு மிட்டாயும் இருக்கட்டும்.

குலசேகரம், ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிறவர்: விடியும் முன்னே மரம் மரமாக நடக்கிறேன். இதற்கு மேல் கருவி வாங்கணுமா?

வாங்க வேண்டாம். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மேடும் பள்ளமுமான தோட்டத்தில் நீங்கள் விரைந்து நடக்கிற நடை அந்தக் கணக்கில்தான் வரும். பேச முடிகிறது, பாட மூச்சு போதவில்லை என்றால் அது மிதமான உழைப்பு. பலத்த மழையிலும் இலை உதிரும் காலத்திலும் வெட்டு நிற்குமே, அப்போது மட்டும் ஒரு ஸ்கிப்பிங் கயிறு போதும். அதையும் சிமென்ட் தரையில் வெறுங்காலோடு குதிக்காதீர்கள்.

பத்மநாபபுரம்: பழைய ஓட்டு வீடு, மச்சு தாழ்வு. கிராஸ் டிரெய்னர் ஆசை.

கருவியின் மிதி எவ்வளவு உயரத்துக்கு எழும்புகிறது என்று கேட்டு, அதோடு உங்கள் உயரத்தைக் கூட்டி, மேலே ஒரு சாண் விடுங்கள். உத்தரத்தில் தலை முட்டும் என்றால் ஆசையை விட்டுவிடுங்கள். மிதி முன்னும் பின்னும் போகும் வீச்சு 40 செ.மீ.க்குக் குறைவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். நடப்பது போல வராது, ஒரே இடத்தில் குதிப்பது போலத்தான் இருக்கும்.

தோவாளை: பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். எவ்வளவு மிதித்தாலும் மீட்டரில் நாடித்துடிப்பு ஏறவே இல்லை. கருவி பழுதா?

மாத்திரையின் பெயரைப் பாருங்கள். அட்டெனோலால், மெட்டோபிரோலால் போன்றவை துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். அதிகபட்சத் துடிப்பு எவ்வளவு என்று பார்க்க 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கு அப்போது பொருந்தாது. எண்ணைத் துரத்தி மிதிக்காதீர்கள், மேலே சொன்ன பேச்சு மூச்சுக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் காட்டும் கலோரியையும் அப்படியே நம்ப வேண்டாம்.

சுசீந்திரம்: வெளிநாடு திரும்புகிற ஒருவர் தன் டிரெட்மில்லைப் பாதி விலைக்குத் தருகிறார். எதைப் பார்த்து எடுப்பது?

பழையது எடுப்பதில் தப்பே இல்லை. பலரும் சில மாதங்களிலேயே ஓட்டுவதை விட்டுவிடுவதால் நல்ல கருவிகள் கிடைக்கின்றன. ஆனால் போட்டோ பார்த்து பணம் அனுப்பாதீர்கள், நேரில் போங்கள். பெல்ட்டின் நடுவில் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் 5 முதல் 7 செ.மீ. எழும்ப வேண்டும். அடியில் கைவிட்டுப் பலகையைத் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் நல்லது, பள்ளமோ சொரசொரப்போ தட்டினால் எண்ணெய் போடாமல் ஓட்டியிருக்கிறார்கள். மணிக்கு 2 கி.மீ. வேகத்தில் வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். கால் ஊன்றும் ஒவ்வொரு முறையும் பெல்ட் தயங்கித் தயங்கி நகர்ந்தால் பெல்ட்டிலோ மோட்டாரிலோ வேலை இருக்கிறது. 20 நிமிடம் ஓடவிட்டு முகர்ந்து பாருங்கள், கருகல் வாடை வந்தால் பேரம் பேசாமல் வந்துவிடலாம். மோட்டார் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே எறும்புப் புற்று, பல்லி எச்சம் எல்லாம் சகஜம், அதைச் சுத்தம் செய்யலாம். போர்டில் பச்சை இருந்தால் விட்டுவிடுங்கள். பாதுகாப்புச் சாவி (கழற்றினால் பெல்ட் நின்றுவிடும் சாவி) இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

எடுத்தபின் பெல்ட்டுக்கு அடியில் சிலிக்கான் எண்ணெய் மட்டுமே. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் ஊற்றாதீர்கள். தூசியோடு சேர்ந்து பிசினாகி, அதை நான் மணிக்கணக்கில் சுரண்ட வேண்டிவரும்.

ஈத்தாமொழி, இரண்டு சின்னக் குழந்தைகளின் அம்மா: டிரெட்மில் ஏற்கெனவே வாங்கியாச்சு. என்ன கவனம் வேண்டும் அண்ணா?

அந்தப் பாதுகாப்புச் சாவியை ஓட்டி முடித்த உடனே கழற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ப்ளக்கையும் பிடுங்கிவிடுங்கள். அமெரிக்காவில் பெலோட்டான் நிறுவனத்தின் டிரெட் பிளஸ் மாடலில் சிக்கி ஒரு குழந்தை இறந்து, 2021-இல் அந்தக் கருவிகளைத் திரும்பப் பெற்றார்கள். குழந்தைகள் பின்பக்கமாக வந்துதான் மாட்டிக்கொள்கின்றன. பெல்ட்டும் பின் உருளையும் சேரும் இடம் கையை உள்ளே இழுத்துவிடும். நீங்கள் முன்னால் பார்த்து நடப்பதால் பின்னால் யார் வந்தது என்று தெரியாது.

கருவிக்குப் பின்னால் 2 மீட்டர் காலி இடம் விடுங்கள், சுவரை ஒட்டிப் போடாதீர்கள். நீங்கள் ஓட்டும் நேரத்தில் அறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருக்கட்டும், பிள்ளைகள் வெளியே இன்னொருவர் பார்வையில் இருக்கட்டும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நாளில் டிரெட்மில்லைத் தொடாதீர்கள், அவர்களையும் கூட்டிக்கொண்டு முற்றத்தில் நடங்கள்.