மூன்றாவது ஆசிலேட்டருக்கு முன் வாங்க வேண்டியவை

வணக்கம். தனித்தனி மாட்யூல்களைக் கம்பியால் இணைத்து வாசிக்கும் மாடுலர் சிந்தசைசரின் 84 எச்பி (அகல அளவு) பெட்டியில், ஒலியை உருவாக்கும் ஆசிலேட்டர் இரண்டும் அதன் தொனியைச் செதுக்கும் ஃபில்டர் ஒன்றும் இருக்க, நம் வட ஆர்க்காட்டுத் தெருக்கூத்தில் ஊதும் முகவீணை போல வழுக்கி ஏறும் ஒலிக்காக மூன்றாவது ஆசிலேட்டர் வாங்கலாமா என்று குடியாத்தத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. முகவீணையின் உயிர் சுருதியின் அசைவில் இருக்கிறது. அடிப்படை ஒலிக்கு ஆசிலேட்டர் தரும் ரம்பப்பல் வடிவ அலையும் ஃபில்டரும் போதும்.

ஆகவே முதலில் மின்னழுத்தத்தால் அளவைக் கூட்டிக் குறைக்கும் விசிஏ இரண்டு சேர்ந்த இரட்டை விசிஏ ஒன்று, ஒவ்வொரு ஸ்வரமும் எழுந்து அடங்கும் விதத்தை வகுக்கும் என்வலப் ஒன்று, ஸ்வரங்களுக்கு இடையே மின்னழுத்தத்தை வழுக்கவிடும் ஸ்லூ லிமிட்டர் ஒன்று, மெதுவான அலைவைத் தரும் எல்எஃப்ஓ ஒன்று வாங்குங்கள். ஆசிலேட்டரின் சுருதியை ஒரு வோல்ட் ஒரு முழு ஸ்தாயி நகர்த்துவதால் அரைச்சுரத்திற்குச் சுமார் 83 மில்லிவோல்ட்தான்; எல்எஃப்ஓவின் சில வோல்ட் அலைவை நேரே செலுத்தினால் கமகம் வராது, பல ஸ்தாயிகள் தாவும். அதைக் குறைக்க அட்டெனுவேட்டர் கட்டாயம் தேவை. விசிஏவின் ஒரு பாதி ஒலியளவுக்கு. மறுபாதி, ஒலியை மட்டுமின்றி மெதுவாக மாறும் டிசி மின்னழுத்தத்தையும் ஏற்கும் வகையாக இருந்தால், அசைவின் ஆழத்தை வாசிக்கும்போதே கூட்டிக் குறைக்க உதவும்.

வாங்குமுன் +12, −12 வோல்ட் இரண்டிலும் மாட்யூல்கள் இழுக்கும் மில்லியாம்பியரைத் தனித்தனியே கூட்டி, பவர் சப்ளையில் கால் பங்காவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.