உயரத்தை முதலில் அளந்துவிடுங்கள்

சகோதரி, இரண்டரை வயதுப் பையனையும் ஆறு வயதுப் பெண்ணையும் மாமியாரோடு ஓசூரிலிருந்து பெங்களூரு பக்கத்திலுள்ள பிடதி வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்கு ஒருநாள் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் இன்றைக்கே இருவரையும் சுவரோரம் நிற்கவைத்து அளந்துவிடுங்கள். அங்கே பிள்ளைகளுக்கு டிக்கெட் வயதைப் பார்த்து இல்லை, உயரத்தைப் பார்த்துத்தான். 85 செ.மீ.க்குக் கீழே இருந்தால் இலவசம். 85 முதல் 140 வரை குழந்தைக் கட்டணம். உங்கள் பையன் 85ஐத் தாண்டியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ராட்டினங்களுக்கும் தனித்தனி உயர வரம்பு உண்டு.

அழுத்திச் சொல்லக் காரணம் என் மகள். வேறொரு பூங்காவில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, அளவுப் பலகை முன்னால் குதிகாலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். இரண்டு விரற்கடை குறைந்தது. வீடு வந்து சேரும்வரை விசும்பல் ஓயவில்லை. 'இதில் ஏறலாம், அது அடுத்த வருஷம்' என்று கிளம்புமுன்பே சொல்லிவைத்தால் பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள்.

தண்ணீரில் இறங்க நைலான் உடை வேண்டும், பருத்தித் துணியில் விடமாட்டார்கள். சின்னவனுக்கு ஆழமில்லாத குழந்தைகள் குளமே போதும். இடுப்பில் வைத்துக்கொண்டுகூட அலைக்குளத்தின் ஆழத்துக்குப் போகாதீர்கள். மதியம் அவன் தூங்கும்போது அத்தையை நிழலில் அவனோடு உட்காரவைத்துவிட்டு, பெரியவளை நீங்கள் கூட்டிப்போங்கள். பாவம், அக்காமார் எல்லாவற்றுக்கும் தம்பிக்காகக் காத்திருந்தே பழகிவிடுகிறார்கள். அவள் மணிக்கட்டில் உங்கள் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள். தண்ணீரில் அழிந்தால் மறுபடி எழுதுங்கள்.