தீராத வலி: கேள்வி பதில்

கேள்வி: இரண்டு வருட முதுகுவலி. வலி குறைந்த நாளில் தேங்கிய வேலையெல்லாம் முடிக்கிறேன். அடுத்த மூன்று நாள் படுக்கைதான்.

பதில்: எப்போது நிறுத்துவது என்பதை வலியிடம் விடாதீர்கள், கடிகாரத்திடம் விடுங்கள். நின்று வேலை செய்தால் எத்தனையாவது நிமிடத்தில் வலி ஏறத் தொடங்குகிறது? ஐந்து நாள் குறித்துச் சராசரி எடுங்கள். அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். சராசரி 20 என்றால் உங்கள் அளவு 16. அலாரம் அடித்ததும், தெம்பு மிச்சமிருந்தாலும், உட்கார்ந்துவிடுங்கள். ஓய்வுக்குப் பின் அடுத்த 16. மோசமான நாளில் பாதியாவது செய்யுங்கள், பூஜ்யம் வேண்டாம். ஒரு வாரம் தாக்குப்பிடித்தால் 10 சதவீதம் கூட்டலாம். ஆளைக் கவிழ்ப்பது நல்ல நாள்தான், ஜாக்கிரதை.

கேள்வி: உளவியலாளரைப் பார்க்கச் சொல்கிறார்கள். என் வலி கற்பனையா?

பதில்: இல்லை. வலிச் செய்தி தண்டுவடத்திலேயே கூடவோ குறையவோ செய்கிறது, அதில் மூளைக்கும் பங்குண்டு என்று 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு வலி ஆய்வாளர்கள் சொன்னார்கள். நுணுக்கங்கள் பின்னால் திருத்தப்பட்டன, அடிப்படை நிற்கிறது. பயமும் தூக்கமின்மையும் நிஜ வலியைத்தான் கூட்டுகின்றன.

கேள்வி: இரவில் வலியால் விழிப்பு.

பதில்: சுமார் 20 நிமிடத்தில் தூக்கம் திரும்பாவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கியதும் படுங்கள். காலையில் எழும் நேரத்தை மாற்றாதீர்கள்.

கேள்வி: முதல் பதிலை ஏற்க முடியவில்லை. வலிக்கும் முன்பே நிறுத்துவது பயந்து ஒதுங்குவதுதானே?

பதில்: நியாயமான கேள்வி. நிமிடங்கள் ஏறினால் பயிற்சி; ஒரு மாதமாகியும் அதே 16 என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி.

கேள்வி: நிமிடம் ஏறலாம், ஆனால் குனியவே பயப்படுகிறவருக்கு அலாரம் என்ன செய்யும்?

பதில்: ஒன்றும் செய்யாது. அங்கே வேறு வழி. பயப்படும் அசைவுகளைப் பயத்தின் அளவுப்படி வரிசையாக எழுதவேண்டும். தரையிலிருந்து காகிதம் எடுப்பது, பிறகு காலிப் பை, பிறகு புத்தகம் வைத்த பை. ஒவ்வொன்றுக்கும் முன் "என்ன ஆகும்?" என்று எழுதுங்கள். செய்த பின் நடந்ததை எழுதுங்கள். "டிஸ்க் நகர்ந்துவிடும்" என்று எழுதியவர், சற்று வலித்து அடங்கியதைத் தன் கையெழுத்திலேயே பார்ப்பார். மூச்சைப் பிடித்து, இடுப்பை இறுக்கிக்கொண்டு செய்தால் பலனில்லை: "இறுக்கியதால்தான் தப்பித்தேன்" என்றே மனம் கணக்கு வைக்கும்.

கேள்வி: மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: எழுதித்தந்த மருத்துவரைக் கேளுங்கள். சில மாத்திரைகளைப் படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும்.

கேள்வி: இன்று வலியே இல்லை. கொஞ்சம் கூடுதலாக...

பதில்: முதல் பதில். அலாரம்.

கேள்வி: இடுப்புவலியோடு நேற்றிலிருந்து தொடையிடுக்கு மரத்திருக்கிறது, சிறுநீர் சரியாக வரவில்லை. எந்தப் பயிற்சி?

பதில்: பயிற்சி எதுவும் வேண்டாம். இப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.