கோழிக்கறி: பட்ஜெட்டும் கோழியின் நலனும் - வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

“கூண்டில் அடைக்காதது”, “ஹார்மோன் இல்லாதது” என்று அச்சடித்த பாக்கெட்டுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

அந்த இரண்டு வாசகங்களுக்காக மட்டும் என்றால் வேண்டாம். கறிக்கோழியைப் பெரும்பாலான நாடுகளில் கூண்டில் வளர்ப்பதே இல்லை. கொட்டகைத் தரையில் கூளம் பரப்பி, அதன்மேல்தான் விடுகிறார்கள். கூண்டு முட்டைக்கோழியின் பிரச்சினை. ஹார்மோன் கதையும் அப்படித்தான்: பிராய்லர் அந்த வேகத்தில் பருப்பதற்குக் காரணம் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனவிருத்தியும் செறிவான தீவனமும். “இயற்கையானது” என்ற சொல் கோழி எப்படி வாழ்ந்தது என்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. “ஆன்டிபயாட்டிக் இல்லாதது” பொதுச் சுகாதாரத்துக்கு நல்லது, ஆனால் கோழிக்கு நடமாட இடம் இருந்ததா என்பது அதிலிருந்து தெரியாது.

கேட்க வேண்டியவை மூன்று: என்ன ரகம், எத்தனை நாளில் அறுத்தது, சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ கோழி. இவற்றுக்குப் பதில் சொல்லாத முத்திரையை விளம்பரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மலிவான கோழியிலிருந்து ஒரே ஒரு படிதான் மேலே போக முடியும். எதற்குப் பணம் கொடுப்பது?

மெதுவாக வளரும் ரகத்துக்கு. சாதாரண பிராய்லர் 35 முதல் 42 நாளில் இரண்டு, இரண்டரைக் கிலோ உயிரெடையை எட்டிவிடும். காலும் இதயமும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. நொண்டுவது, கடைசி வாரங்களில் பெரும்பாலும் உட்கார்ந்தே கிடப்பது, திடீரென்று இதயம் நின்று சாவது எல்லாம் அதன் விளைவுதான். இதே ரகத்தை வெளியே மேய விட்டாலும் பல கோழிகள் அதிக தூரம் போவதில்லை. அதனால் “மேய்ச்சல்” என்று போட்டிருந்தாலும் ரகத்தையும் வயதையும் கேளுங்கள்.

அடுத்தது இடம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அடிப்படை வரம்பு சதுர மீட்டருக்கு 33 கிலோ. கூடுதல் நிபந்தனைகளை நிறைவேற்றினால் 42 கிலோ வரை போகலாம். அதாவது 2.1 கிலோ எடையுள்ள 20 கோழிகள் ஒரே சதுர மீட்டரில். 30 கிலோவுக்கு மேல் போகாமல், மெதுவாக வளரும் ரகத்தை, ஏறி உட்காரக் கம்பியும் நல்ல வெளிச்சமும் வைத்து வளர்த்த கொட்டகைக் கோழி கிடைத்தால், இறுக்கமான பட்ஜெட்டுக்கு அதுவே எங்கள் தேர்வு.

ஆர்கானிக் அதைவிட நல்ல வாழ்க்கைதான். அதே ஒன்றியத்தின் விதியில் நிலையான கொட்டகைக்குள் சதுர மீட்டருக்கு 21 கிலோதான் வரம்பு, வெளியே கோழிக்கு 4 சதுர மீட்டர். ஆனால் கோழி வளர்ப்புச் செலவில் ஏறக்குறைய 60 முதல் 70 சதவீதம் தீவனம். ஆர்கானிக் தீவனத்தின் விலை நேராக உங்கள் பில்லில் ஏறும். கோழியின் கால் வலி குறைவது ரகத்தாலும் இடத்தாலும், தீவனத்தின் சான்றிதழால் அல்ல.

முத்திரையே இல்லாத கடையில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு. முழுக்கோழியில் காலின் கீழ்முனை மூட்டைப் பாருங்கள். அங்கே பழுப்பு அல்லது கருப்புத் தழும்பு இருந்தால், ஈரக் கூளத்திலிருந்த அமோனியா சுட்ட இடம் அது. கோழி நீண்ட நேரம் அழுக்கில் உட்கார்ந்திருந்தது என்று அர்த்தம். நெஞ்சுக்கறியில் நார் ஓடும் திசையிலேயே வெள்ளைக் கோடுகள் தெரிவதும், பச்சைக்கறியே அழுத்தினால் விறைப்பாக இருப்பதும் வேகமாகக் கனத்த கோழிகளில் அதிகம். தோலின் மஞ்சள் நிறத்தை நம்பாதீர்கள், அது தீவனத்தில் உள்ள நிறமியால் வருவது.

நல்ல கோழி கிலோவுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு விலை. எங்கள் வீட்டில் நான்கு பேர். எப்படிக் கட்டுப்படியாகும்?

துண்டாக வாங்குவதை நிறுத்தி முழுக்கோழியாக வாங்குங்கள். எலும்பில்லாத நெஞ்சுக்கறியின் விலையில் வெட்டுக்கூலியும் கழிவும் அடங்கியிருக்கின்றன. அதே காசுக்கு நல்ல ரகத்தின் முழுக்கோழி வந்துவிடும் கடைகள் உண்டு. உரித்த 1.6 கிலோ கோழியில் தோராயமாக நெஞ்சுக்கறி 400 முதல் 480 கிராம், இரண்டு கால்களும் தொடையோடு 500 கிராம், இறக்கைகள் 170 கிராம், மீதி முதுகும் விலா எலும்புக்கூடும் கழுத்தும். மெதுவாக வளரும் ரகத்தில் நெஞ்சு சற்றுச் சிறுத்து, கால் பெரிதாக இருக்கும். அதைக் குறையாக எண்ண வேண்டாம், கால்கறிக்குத்தான் ருசி.

வெட்டுவது பத்து நிமிட வேலை. தொடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் தோலை மட்டும் கீறி, காலைப் பின்பக்கமாக மடக்குங்கள். மூட்டு எலும்பு “டக்”கென்று வெளியே வரும், அந்த இடைவெளியில் கத்தியை விடுங்கள். எலும்பை அறுக்க வேண்டியிருந்தால் இடம் தப்பிவிட்டது, இரண்டு மில்லிமீட்டர் நகர்த்திப் பாருங்கள். இறக்கைக்கும் இதே முறை. நெஞ்சுக்கு, நடு எலும்பின் ஒரு பக்கமாகக் கீறி, கத்தியை விலா எலும்பில் உரசியபடியே கறியைப் பிரித்தெடுங்கள்.

இனி மூன்று வேளை. கால்கள் ஒரு நாள். நெஞ்சுக்கறியை மெல்லிய கீற்றுகளாக்கி, நிறையக் காய்கறியோடு வதக்கினால் இன்னொரு நாள். எலும்புக்கூட்டையும் கழுத்தையும் இறக்கை நுனிகளையும் இரண்டு லிட்டர் குளிர்ந்த நீரில் போட்டு, நுரையை எடுத்துவிட்டு, இரண்டரை மணி நேரம் மெல்லக் கொதிக்க விடுங்கள். குக்கரில் 45 நிமிடம் போதும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு நீரில் கலந்து சாறு கலங்கிவிடும். உப்பைக் கடைசியில் போடுங்கள், வற்றும்போது கரிக்காது. ஆறியபின் எலும்பிலிருந்து உதிர்க்கும் கறியே நூறு கிராமுக்கு மேல் தேறும், சூப்புக்கோ சோற்றுக்கோ போதும்.

விலையை ஒப்பிடும்போது இன்னொன்று: மலிவான நெஞ்சுக்கறியில் உப்பு நீர் ஏற்றியிருக்கலாம். பொருட்கள் பட்டியலில் நீரும் உப்பும் இருந்தால், சமைக்கும்போது வாணலியில் தேங்கும் நீருக்கும் கறியின் விலையையே கொடுத்திருக்கிறீர்கள். கொடுத்த விலையை வெந்த கறியின் எடையால் வகுத்துப் பாருங்கள். வித்தியாசம் பலமுறை நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும்.

விலை கொடுத்து வாங்கிய மெதுவளர்ச்சிக் கோழி ரப்பர் மாதிரி வந்தது. ஏன்?

வயது கூடிய கோழியில் இணைப்புத் திசு உறுதியாக இருக்கும், பிராய்லருக்கான நேரம் அதற்குப் போதாது. நெஞ்சையும் காலையும் ஒன்றாக வேகவிடாதீர்கள். நெஞ்சு உள்ளே 74 டிகிரி செல்சியஸ் எட்டியதும் இறக்குங்கள். கால் 85 முதல் 90 டிகிரி வரை, குறைந்த தீயில், மூடி போட்டு வேகட்டும். முதல் நாள் இரவே கிலோவுக்கு 10 கிராம் உப்பு தடவிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஈரம் தங்கும்.

கறியின் அளவைக் குறைத்தால் பிள்ளைகள் ஏற்பதில்லை.

துண்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் உடனே கண்டுபிடிப்பார்கள். கொத்துக்கறியில் தொடங்குங்கள்: 500 கிராமுக்குப் பதில் 350 கிராம் கறி, 150 கிராம் வேகவைத்து மசித்த பருப்பு. பருப்பை வடிகட்டி, வெறும் வாணலியில் ஈரம் போகப் புரட்டிய பிறகு சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் உருண்டை பிடிக்காது. வெந்த கோழியில் 100 கிராமுக்குப் புரதம் 27 கிராம் அளவில், வெந்த பருப்பில் 9 கிராம் அளவில் என்பதால் அந்த வேளையில் புரதம் சற்றுக் குறையும். ஆளுக்கு ஒரு முட்டை சேர்த்தால் ஈடாகிவிடும்.

கோழி, முட்டை இரண்டில் ஒன்றைத்தான் மாற்ற முடியும் என்றால்?

முட்டை. கூண்டுக்கோழிக்குப் பல இடங்களில் கிடைக்கும் இடம் ஒரு ஏ4 தாளைவிடக் குறைவு. நல்ல முட்டைக்கோழி ஆண்டுக்குச் சுமார் 300 முட்டை இடுவதால், அதன் நல்வாழ்வுக்கான கூடுதல் செலவு முட்டைக்கு மிகச் சிறிதாகப் பிரிந்துவிடும். ஆனால் முட்டை ரகத்தின் ஆண் குஞ்சுகளைப் பெரும்பாலும் பிறந்த அன்றே கொன்றுவிடுகிறார்கள், கூண்டில்லா முட்டையிலும் இது மாறுவதில்லை.

தள்ளுபடியில் இரண்டு மூன்று வாங்கி உறையவைக்கலாமா?

தாராளமாக. நல்ல கோழியைக் கட்டுப்படியாக்க இதைவிடச் சுலபமான வழி குறைவு. வாங்கிய அன்றே வெட்டி, ஒரு வேளை அளவாகப் பிரித்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, தேதி எழுதி மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். உள்ளே காற்று தங்கினால் கறியின் மேற்புறம் காய்ந்து வெளுக்கும். துண்டுகளின் தரம் 9 மாதம் வரை, முழுக்கோழியின் தரம் ஓராண்டு வரை நிற்கும். உறைந்த கறியை இளக வைப்பது குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில்தான், முழுக்கோழிக்கு ஒரு நாள் முன்னதாகவே எடுத்து வைக்க வேண்டும். அவசரமென்றால் நீர் புகாத பையோடு குளிர்ந்த நீரில் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்றி, உடனே சமைத்துவிடுங்கள்.