மூலையில் ஒரு பொத்தான் வைத்தால் போதுமா?

எழுத்தைப் பெரிதாக்கி நிறத்தை மாற்றும் பொத்தான் ஒன்றை உங்கள் கடையின் இணையதளத்தில் சேர்த்துவிட்டதாகவும், மாற்றுத்திறனாளிகளுக்கு அது போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. பிறவியிலேயே பார்வையில்லாத எனக்கு எழுத்து எவ்வளவு பெரிதானாலும் ஒன்றுதான். "இதைப் போட்டால் சட்டச் சிக்கலே வராது" என்று யாரோ உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள். உங்கள்மீது எனக்குக் கோபமில்லை.

திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் என் கணினியில் இருக்கிறது. பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் 2006இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. அதைக் கொண்டு ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தேன். அந்தத் தளத்திலும் இப்படி ஒரு பொத்தான் உண்டு. படிவத்துக்குள் போனால் கட்டத்துக்குக் கட்டம் "எடிட், பிளாங்க்", அதாவது நிரப்ப வேண்டிய காலிக் கட்டம் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. கேட்பது பெயரா, பின்கோடா? கட்டத்துக்குப் பக்கத்தில் எழுதியிருந்தார்களாம்; நிரலில் கட்டத்தோடு இணைக்கவில்லை. பிறந்த தேதியைத் தட்டச்சு செய்யவும் வழியில்லை, நாட்காட்டியில் மவுஸால்தான் தொட வேண்டும். கடைசியில் கேப்ட்சா, அதாவது நாம் மனிதர்தானா என்று சோதிக்கப் படத்தில் காட்டும் புதிர்; அதற்கு ஒலி வடிவம் கிடையாது. பக்கத்து வீட்டுத் தம்பியை அழைத்து, வங்கி விவரம், கடவுச்சொல் உட்பட எல்லாவற்றையும் சொல்லித்தான் அனுப்பினேன். நல்ல பையன்தான். ஆனால் முதுகலை முடித்த நான் என் கடவுச்சொல்லை ஏன் இன்னொருவரிடம் சொல்ல வேண்டும்?

"எத்தனை பேர் வந்துவிடப் போகிறார்கள்?" என்று கீழே கருத்துப் பகுதியில் கேட்க வருபவர்களுக்கு: 2011 கணக்கெடுப்பின்படியே இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். இது சலுகையும் அல்ல. கண் சிமிட்டிக் காட்டச் சொன்னதால் வங்கிச் சரிபார்ப்பை முடிக்க முடியாமல் போன, அமிலவீச்சுக்கு ஆளான பெண் தொடுத்த வழக்கில், இணையச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

கடைகளைப் பற்றிய பேச்சு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். துணிக்கடைக்குப் போனால் என்னை விட்டுவிட்டு, உடன் வந்தவரிடம் "சாருக்கு என்ன அளவு?" என்று கேட்கிறார்கள். பணம் கொடுப்பது நான். எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

உங்கள் தளத்துக்கு வருகிறேன். மவுஸை ஒதுக்கிவிட்டு, டேப் விசையால் நகர்ந்து, விசைப்பலகையை மட்டும் வைத்து ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள். எங்கே சிக்குகிறீர்களோ அங்கேதான் நாங்களும் சிக்குவோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் லேபிள், அதாவது அதில் என்ன நிரப்ப வேண்டும் என்று சொல்லும் பெயர், நிரலில் இணைந்திருக்க வேண்டும். தட்டத் தொடங்கியதும் மறைந்துவிடும் சாம்பல் நிற எழுத்து லேபிள் ஆகாது. புடவைப் படத்துக்கு நிரலில் தரும் விளக்கத்தில் "படம் 3" என்று எழுதாமல், நிறத்தையும் கரையையும் எழுதுங்கள். மங்கலாகப் பார்ப்பவர்களுக்கு எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடாவது தேவை. தமிழ்ப் பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறியுங்கள். விலைப்பட்டியலைப் பாமினி எழுத்துருவில் ஏற்றாதீர்கள்; ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் கொடுக்கும் பழைய எழுத்துரு அது, எங்களுக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே கேட்கும்.

அந்தப் பொத்தானுக்குச் சந்தா கட்டுகிறீர்கள் என்றால் அதை நிறுத்திவிட்டு, திரைவாசிப்பான் பயன்படுத்தும் ஒருவரை அழைத்துத் தளத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். அவருக்குக் கூலி கொடுங்கள், சேவையாகச் செய்து தரும்படி கேட்காதீர்கள்.